ஒன்ஸ் மோர்

லெபோ பாசாரில் பாட்டுக் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இரண்டு மணி. பொருளியல்.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுழலும்.
பதினோரு பேர். கேள்வித்தாள் மலாயில்,
குறிப்பேடு பாதி ஆங்கிலத்தில்,
பாட்டு மட்டும் தமிழில், தரையைத் துளைத்துக்கொண்டு வரும்.

கீழே நெய்னா கடை. எதிரே சொர்ணம்மா கடை.
அவர் ஒரு புள்ளி ஏற்றினால் அந்தம்மா இரண்டு.
மூன்றரைக்குள் இரண்டு பெட்டியும் தொண்டை கிழியக் கத்தும்.
எந்தப் பாட்டும் எவர் காதிலும் விழாது.
பலகையில் எழுதினேன்: பணவீக்கம்.
அன்றைக்குத்தான் முதல் முறையாகப்
பின்வரிசை சிரித்தது.

அதிலிருந்து பாட்டை வைத்தே பாடம்.

ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
சாப்பாடு முடிந்தது, கூட்டம் சோர்ந்து உட்கார்ந்துவிட்டது.
யாரும் எழவில்லை,
யாரும் எழவில்லை என்பதால்.

ஒரு கட்சி சொல்லும்:
இப்போதுதான் அடிக்க வேண்டும் குத்து.
கடன் வாங்கியாவது இன்னொரு டிரம் கொண்டு வா.
ஒரே ஒரு மாமா எழுந்தால் போதும்,
அவர் இழுக்கிற கையோடு இன்னொரு கை வரும்.

மறு கட்சி உதட்டைப் பிதுக்கும்:
நேற்றும் இப்படித்தான் அடித்தீர்கள்,
அந்தக் களைப்புதான் இது.
விடுங்கள், உட்காரட்டும்.
எந்தப் பாட்டுக்கு எந்தக் கால் எழும் என்று
மேடையில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?
அது அந்தந்தக் காலுக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒருவர், கடிகாரக்காரர்.
குத்தும் வேண்டாம் மெலடியும் வேண்டாம்,
நிமிடத்துக்கு இத்தனை தட்டு;
மழை வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும்
மாற்றாதே என்பார்.
அவருக்கு ஓட்டே விழவில்லை.

தனுசியா குத்துக் கட்சி.
பாயான் லெப்பாஸ் ஆலையில் அவள் அம்மாவை
மார்ச் மாதம் நிறுத்திவிட்டார்கள்.
"உட்காரட்டும்னா, எத்தன நாளைக்கு டீச்சர்?"
குகனேசன் வீட்டில் நாசி கண்டார் கடை.
"டிரம்முக்கு வாங்குன கடன யாரு கட்றது,
ஒன் மாமாவா?"
மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள்.
தாளம் மட்டும் தப்பவில்லை.

சர்வின் ஜன்னலோரம். வாயே திறக்காதவன்.
பட்டர்வொர்த் பக்கம் ஏதோ ஆர்க்கெஸ்ட்ராவில்
கீபோர்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.
வெள்ளிக்கிழமை இரவு இன்னும் அவன் இமையில் இருந்தது.

"டீச்சர், ஏழுலேருந்து பதினொன்னு வரைக்கும்
நூத்தி இருவது வெள்ளி.
பெட்டிய நானே தூக்கணும்.
பதினொன்னுக்கு வயர கழட்டுறப்ப
கூட்டம் கத்தும், ஒன்ஸ் மோர்.
மண்டபத்துக்காரரு கண்ணக் காட்டுவாரு.
பன்னண்டர வரைக்கும் வாசிப்போம்.
அந்த ஒன்ஸ் மோர் காசு
எந்தக் கட்சியில வருது?"

நேரம் பார்த்துத் தெருவுக்கே மின்சாரம் போனது.
நெய்னா நின்றார், சொர்ணம்மா நின்றார்.
ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று,
பிறகு அதுவும் இல்லை.
ஊதுவத்திக் கடை வாசனை
அப்போதுதான் மேலே வந்தது.

அதற்கும் ஒரு பெயர் உண்டு, சொல்ல வாயெடுத்தேன்.
தேர்வுக்கு வராது.
பெயர் இல்லாமல் அவனுக்கு ஒன்றும்
குறைந்ததாகவும் தெரியவில்லை.
ஒன்றரை மணி நேரம் என்று அவனே
ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தான்,
வகுத்து, அடியில் இரண்டு கோடு இழுத்து.

விசிறி அசைந்தது. இரண்டு கடையும்
விட்ட இடத்தில், விட்ட சத்தத்திலேயே தொடங்கின.
குறைத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மணி நாலே கால்.
மையத்துக்காரர் எனக்கு நான்கு வரைக்கும்தான் கொடுப்பார்.
பையை மூடினேன்.
"டீச்சர், அந்த மூணாவது ஆளு,
கடிகாரக்காரரு,
இன்னொரு தடவ சொல்லுங்களேன்"
என்றாள் தனுசியா.
எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

சர்வின் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான்,
ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரன்
இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

சாக்கட்டியை எடுத்தேன்.